காயக் காயச் சிவந்த துணி

கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, புண்ணியமாப் போவும். ஜன்னல் ஒங்களுக்கே இருக்கட்டும், எனக்கு வேண்டாம். வெளிய பாத்தா ஒவ்வொரு ஸ்டாப்பா வாரது தெரியும். செவல்விளைக்கு எம்புட்டு நேரம்னு கண்டக்டர்ட்ட கேட்டேன், முக்கா மணி நேரங்கான். போன வெள்ளிக்கெழமையும் அப்பிடித்தான் சொன்னான். அன்னைக்கு எனக்கு அஞ்சு நிமிஷத்துல வந்துட்ட மாதிரி இருந்துச்சு.

என் கையவா பாக்கிய? பாருங்க, பாருங்க, எல்லாரும்தான் பாக்காவ. நோய் ஒண்ணும் இல்ல, ஒட்டாது. நகக்கண்ணுல ஏறுன செம்பட்டைக் கறை, தேச்சாலும் போவ மாட்டேங்கு. அது ஒரு பெரிய கதை. சொல்லப்படாதுன்னுதான் இருக்கேன். ஆனா யார்ட்டயாவது சொல்லலன்னா நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு. நீங்க ஊருக்குப் புதுசு மாதிரி தெரியுது. ஒங்களுக்கு எங்க ஆஸ்பத்திரி மதரத் தெரியாதுல்லா? அப்பம் சரி.

எம் பேரு ஞானப்பூ. ஒரு ஆஸ்பத்திரியில துணி வெளுக்கேன். பேரு வேண்டாம், சிஸ்டருங்க நடத்துத ஆஸ்பத்திரி, அம்புட்டுதான். பத்தொம்பது வருசம். பெட்ஷீட்டு, டாக்டர் கோட்டு, நர்சுப் புள்ளைய யூனிபாரம், சிஸ்டருங்க அங்கி, எல்லாம் வெள்ளை. பத்தொம்பது வருசமா வெள்ளையத் தவிர வேற நெறத்த நான் கையால தொட்டதில்ல. மெசினு வாங்கணும்னு பேச்சு வந்தப்ப மதரே சொன்னாவ, ‘ஞானப்பூ கைய விடவா மெசினு வெளுக்கப் போவுது’ன்னு. பெருமைக்குச் சொல்லல. எனக்கு இருக்கதே அந்த ஒரு பேச்சுதான். வீட்டுக்காரர் போய்ச் சேந்தாச்சு, புள்ள குட்டி இல்ல, துணி வெளுக்குத கொட்டகைக்குப் பொறத்தால ஒரு ரூமு குடுத்திருக்காவ, அங்கனதான் கெடக்கேன். அந்த வேல போச்சுன்னா எனக்குத் தெருதான். அதை மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க, என்ன?

இந்த வருசம் பங்குனியிலயே பழைய கெணறு வத்திப்போச்சு. போர் போட்டாவ. நானூறு அடி. தண்ணி வந்தப்ப எல்லாரும் கையத் தட்டுனோம். எம்மா, அப்பிடி ஒரு தண்ணி. அடியில காசு கெடந்தா தலையா பூவான்னு பாத்துச் சொல்லிரலாம். பழைய கெணத்துத் தண்ணி கலங்கலா இருக்கும். இதப் பாத்து நான் சந்தோசத்துல, ‘கர்த்தரே, இனி நீலமே போட வேண்டாம்’னேன். என் வாயி.

மொத நாளு டாக்டர் கோட்டு ஒம்போது ஊறப் போட்டேன். சோடா ரெண்டு கை அள்ளிப் போட்டேன், எப்பவும் போடுததுதான். தொட்டித் தண்ணி லேசாப் பச்சையாச்சு. சரி, எவனோ டாக்டர் பையில பேனா கீனா வச்சிருப்பான்னு நெனச்சேன். அடிச்சு, அலசி, பிழிஞ்சு, கொடியில போட்டேன். வெள்ளையாத்தான் போட்டேன், சத்தியமா வெள்ளையாத்தான். பத்து மணி வெயிலு. ஒரு டீயக் குடிச்சிட்டு வந்து பாக்கேன், ஒம்போது கோட்டும் பழுத்துப் போய்த் தொங்குது. பிழிஞ்ச மடிப்பு இருக்குல்லா, அந்த மடிப்பு மடிப்பாச் செவப்பு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், எங் கண்ணு முன்னாடியே கூடிக்கிட்டு வருது. காயக் காயக் கூடுது. யாரும் தொடல, ஒண்ணும் மேல விழல. காத்துல தொங்குத துணி தானாச் செவக்குதும்மா! பழைய ரத்தம் காஞ்சா இருக்குமே, அதே நெறம்.

ஆஸ்பத்திரி பாத்துக்கிடுங்க. எத்தன பேரு செத்த எடம். யாரு ரத்தம் எதுல ஏறுதுன்னு நெனச்சேன். சிரிக்காதிய. நீங்க அங்கன நின்னுருந்தா ஓடியிருப்பிய.

யார்ட்டயும் சொல்லல. ஒம்போதையும் வாரித் திரும்ப ஊறப் போட்டேன். கறைன்னா என்ன செய்வோம்? சோடாவக் கூட்டுவோம். நாலு கை போட்டேன். தண்ணி பச்சையா ஆயி, மேல மட்டும் மெல்ல மெல்லச் செம்மண்ணு மாதிரி மாறுது. கலக்குனா பூராவும் மாறுது. அடியில சேறு மாதிரி ஒரு வண்டல். கண்ணாடித் தண்ணியில சேறு எங்கேருந்து வரும்? பிளீச்சிங் பவுடரு போட்டேன். எம்மா, அதப் போட்டதும் ஒரே நிமிசத்துல பூராத் தொட்டியும் துருவாப் போச்சு. நான் கையத் தொட்டியில இருந்து உருவுன உருவுல சேலையெல்லாம் தெறிச்சது. அன்னையிலேருந்து கூடக் கூடப் போட்டேன். கறை கூடக் கூட சோடா, சோடா கூடக் கூட... ஆமா. இப்பம் தெரியுது. அப்பம் தெரிஞ்சுதா?

இங்கனதான் லீலா வாரா. செல்வலீலா. எனக்கு ஒத்தாசைக்குன்னு தை மாசம் மதர் சேத்து விட்ட பொண்ணு. இருவத்தெட்டு வயசு, புருசன் கேரளாவுக்குப் போனவன் போனவன்தான். இப்பம் நான் போற செவல்விளைதான் அவளுக்குச் சொந்த ஊரு, தேரிக்காட்டு ஓரம். மண்ணே செக்கச் செவேல்னு கெடக்குமே, அந்த ஊரு. அதிகம் பேச மாட்டா. என்னைய ‘சித்தி, சித்தி’ம்பா. ஆஸ்பத்திரியில வேல பாக்கதுனால அவ அம்மைக்கு மூச்சு எளப்பு மாத்திர சும்மா கெடச்சிட்டு இருந்துச்சு.

அவ தொட்டி வேற, என் தொட்டி வேற. அவளுக்குக் குடுத்தது வார்டுத் துணி, எனக்கு நல்ல துணி. இப்பம் கேளுங்க. அவ வெளுக்குத துணி வெள்ளையா வருது! அதே போர், அதே தண்ணி, அதே வெயிலு. அவ கொடியில பழைய பெட்ஷீட்டு பால் மாதிரி தொங்குது, என் கொடியில டாக்டர் கோட்டு பழுத்துத் தொங்குது. நீங்க என்ன நெனப்பிய? ஒங்க நெஞ்சுல கைய வச்சுச் சொல்லுங்க.

அதோட இன்னொண்ணு. போர் போட்ட மறுநாளே, கறை வாரதுக்கு முன்னாடியே, இந்தப் புள்ள எங்கிட்ட வந்து மெதுவா, ‘சித்தி, இந்தத் தண்ணியில சோடா போடாதிய. ஆகாது’ன்னா. நான் அப்பம் ஏசிப்போட்டேன். ‘ஏட்டி, நீ வந்து முழுசா நாலு மாசம் ஆவல, எனக்குச் சோடா போடச் சொல்லித் தாரியோ’ன்னேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டா. கறை வந்த பொறவு எனக்கு அது ஞாபகம் வந்துச்சு. முன்கூட்டியே சொன்னாளே! வரப்போவுதுன்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்? செஞ்சவளுக்குத்தான தெரியும்?

அதுக்குப் பொறவு அவ நெழல் எம்மேல படாம ஒதுங்கிப் போவேன். அவ குடுத்த டீயக் குடிக்க மாட்டேன், செவத்தோரம் ஊத்திருவேன். கோயில்ல மந்திரிச்ச எண்ணெய வாங்கித் தொட்டி நாலு மூலையிலயும் தடவுனேன். துணியில எண்ணெக் கறையும் சேந்துச்சு, வேற ஒண்ணும் ஆவல. மதர் ஒருநா கோட்டத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ‘ஞானப்பூ, கண்ணு மங்கலாயிட்டா? டெஸ்ட் பண்ணிக்கிறியா?’ன்னு கேட்டாவ. அன்பாத்தான் கேட்டாவ. அன்பாக் கேட்டாலே அடுத்தது அனுப்பிருவாவன்னு எனக்குத் தெரியாதா? சமையக்கார அந்தோணியம்மாவ அப்பிடித்தான கேட்டாவ. அடுத்த மாசம் மாலையப் போட்டு வழியனுப்பி வச்சாச்சு.

அப்பம் நர்சுப் புள்ளையளுக்கு விளக்கேத்துத விழா வருது. நாப்பத்திரெண்டு புள்ளைய, புது யூனிபாரம், பிஷப் வாராவ. அம்புட்டையும் வெளுத்து இஸ்திரி போட்டுக் குடுக்கணும். அதுக்குப் பத்து நாள் இருக்கும்போது லீலா சாப்பிடப் போனா. நான் அவ தொட்டியண்ட போனேன். என்ன செய்யுதான்னு பாத்துரணும்னு. அங்கன ஒரு பெரிய டிரம்மு, தண்ணி பிடிச்சு தொறந்தே போட்டிருக்கா. அடியில செவப்பா வண்டல், மேல தெளிஞ்ச தண்ணி. டிரம்முக்குப் பின்னால ஒரு துணி முடிச்சு. பிரிச்சேன். வெள்ளையா, கண்ணாடி மாதிரி ஒரு கட்டி, கோழி முட்ட அளவு. நான் அப்பிடியே தரையில உக்காந்துட்டேன். தகடு எழுதி, கட்டி வச்சுச் செய்வினை செய்வாவன்னு கேட்டிருக்கேன்லா. அதுதான்னு முடிவு பண்ணிட்டேன்.

படிகாரம்மா. வெறும் படிகாரம். சவரக் கடையில கெடக்குமே. எனக்கு அது கண்ணுக்குத் தெரியல, பயந்தான் தெரிஞ்சுது.

முடிச்சத் தூக்கிக்கிட்டு நேரா மதர்ட்ட போயிட்டேன். மதர் செய்வினையெல்லாம் நம்ப மாட்டாவ. ஆனா எவளோ வேணும்னே என்னத்தையோ கலக்குதான்னா நம்புவாவ. லீலாவக் கூப்பிட்டாவ. ஆபீசு ரூமுல நான் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம்.

‘தொட்டியில இதப் போடுதியா?’ன்னாவ.

‘டிரம்முல போடுதேன் மதர். தண்ணி தெளியுததுக்கு.’

‘கண்ணாடி மாதிரி வருத தண்ணிக்குத் தெளியுததுக்கு என்ன இருக்கு?’

அதுக்கு அவ பதில் சொல்லியிருக்கணும்லா? சொல்லல. என்னைப் பாத்தா. மதர் திரும்பக் கேட்டாவ. திரும்பவும் என்னைத்தான் பாத்தா. வாயத் தொறக்கல. ‘தப்பு இல்லன்னா பேசியிருப்பாள்லா மதர்’னு நாந்தான் சொன்னேன். ஆமா, நாந்தான். அன்னைக்கே அவளக் கணக்குத் தீத்து அனுப்பிட்டாவ. கேட்டுக்கு அந்தப் பக்கம் துணிப்பையோட நின்னு ஒருதரம் திரும்பிப் பாத்தா. நான் கொடிக்குப் பின்னால மறைஞ்சுக்கிட்டேன்.

போயிட்டா. இனி எல்லாம் வெள்ளையாயிரும்னு நெனச்சேன். மறுநா நாப்பத்திரெண்டு யூனிபாரத்தையும் ஊறப் போட்டேன். எல்லாத் தண்ணியும் இப்பம் எங் கையிலதான. விழாவாச்சே, நல்லாத் தூக்கலா இருக்கணும்னு சோடாவ வாரி வாரி இறைச்சேன்.

சொல்லவா வேணும்? மத்தியானம் ஒரு மணிக்கு மாடி பூராவும் நாப்பத்திரெண்டு சட்ட கையை விரிச்சுக்கிட்டு நிக்குது, ஒண்ணொண்ணும் நெஞ்சோட நெஞ்சாச் செவந்து. நான் மாடிப்படியில உக்காந்து ‘அய்யோ, அவதான் போயிட்டாளே, போயிட்டாளே’ன்னு கத்துதேன். எனக்கு என்ன பயம்னா, அவ போற போக்குல சாபம் விட்டுட்டுப் போயிட்டாளோன்னு. மத்தது எதும் தோணல. பத்தொம்பது வருசத் தொழிலு, ஒரு நிமிசம் அந்தச் சோடா டப்பாவத் திரும்பிப் பாக்கத் தோணலியே எனக்கு.

சத்தம் கேட்டு லேப்ல வேல பாக்குத ஜெனிட்டா ஓடி வந்தா. ரத்தம், மூத்திரம் டெஸ்ட் பண்ணுத பொண்ணு, சின்ன வயசு, வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. ஒரு சட்டைய எடுத்து மோந்து பாத்தா. தொட்டியப் பாத்தா. ‘இதுல என்ன போட்டிய?’ன்னா. சொன்னேன். ‘வாங்க எங்கூட’ன்னு மதரையும் கூட்டிக்கிட்டு லேபுக்குப் போனா.

ஒரு கண்ணாடிக் குழாயில போர்த் தண்ணி பிடிச்சா. பளிங்கு மாதிரி இருக்கு. என் சோடாவக் கரைச்சு நாலு சொட்டு விட்டா. மெல்லப் பச்ச மூட்டம் போட்டுது. குலுக்கி வச்சா. கொஞ்ச நேரத்துல மேலேருந்து செம்மண்ணு நெறம் எறங்குது. அப்பறம் அவ என்ன செஞ்சா தெரியுமா? வயித்துப்புள்ளக்காரியளுக்கு நாம குடுப்போமே இரும்பு மாத்திர, அதுல ஒண்ண எடுத்தா. மேல இருக்க செவப்புத் தோல உரிச்சா, பொடிச்சு, நல்ல தண்ணியில கரைச்சு வடிகட்டுனா. அதுல சோடா. எம்மா! பச்சைப் பச்சையாக் கட்டி கட்டியாத் திரண்டு வந்துட்டு, அரைச்ச கீரை மாதிரி. கண்ணாடியில ஒட்டியிருந்த ஓரமெல்லாம் அப்பவே துருப் பிடிக்க ஆரம்பிச்சுட்டு.

‘ரெண்டும் ஒரே சரக்குதான்’னா ஜெனிட்டா. ‘தண்ணிக்குள்ள இரும்பு கரைஞ்சு கெடக்கு, கரைஞ்சு கெடக்கவரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. நீங்க சோடாவப் போட்டதும் அது கரைஞ்சு இருக்க முடியாமத் திரண்டு துணியில ஏறிக்கிடுது. காத்துப் பட்டாத் துரு. நல்லா வெளுக்கணும்னு சோடாவக் கூட்டக் கூட நீங்களே துருவப் பூசிக்கிட்டு இருந்திருக்கிய, அம்மா.’ மதரப் பாத்து, ‘தண்ணியத் தொறந்து வச்சு ஆற விடணும், படிகாரம் போட்டு அடியில எறக்கணும், மேல் தண்ணிய மட்டும் எடுக்கணும்’னா.

மதர் மொகம் எப்பிடி ஆச்சுங்கிய! படிகாரம்ங்கித வார்த்தையக் கேட்டதும் அப்பிடியே நாற்காலியில உக்காந்துட்டாவ. பொறவு எங்கிட்ட கேட்டாவ, ‘ஞானப்பூ, இத ஒனக்கு யாரும் முன்னாடி சொல்லலியா?’

நான் ‘இல்ல மதர்’னேன்.

வாய் தானாச் சொல்லிட்டு. யோசிக்கல. அந்தக் கண்ணாடிக் குழாயப் பாத்துக்கிட்டே சொன்னேன். சொல்லி முடிச்ச பொறவுதான் எனக்கே கேட்டுச்சு.

யூனிபாரத்துக்கு ஒண்ணும் ஆவல. எலுமிச்சை உப்புல முக்கி முக்கி நாப்பத்திரெண்டு புள்ளையளும் உக்காந்து கசக்குனாவ, கறை எறங்கிட்டு. விழா நல்லா நடந்துச்சு, பிஷப் பிரியாணி சாப்பிட்டாவ. என்னைய யாரும் ஏசல. ‘பாவம், அவளுக்கு என்ன தெரியும்’னுட்டாவ.

விழா முடிஞ்சதும் மதர் ஒரு லெட்டர் எழுதுனாவ. இன்னா, இந்தப் பையில இருக்கு. லீலாவுக்கு. ‘தப்பு எங்க மேல, திரும்பி வா, ஒன் எடம் அப்பிடியே இருக்கு’ன்னு. படிச்சுக் காட்டிட்டு எங் கையிலயே குடுத்து, ‘நீதான ஒண்ணா வேல பாத்த, நீயே கூட்டிட்டு வா’ன்னாவ. போன வெள்ளிக்கெழம போனேன்.

வீட்டுல இருந்தா. முருங்கத் தோட்டத்துல காய் பறிக்கப் போறாளாம், வாரத்துல ரெண்டு நாள்தான் வேலயாம். அவ அம்மை உள்ள கட்டில்ல உக்காந்து இழுக்குத இழுப்பு வாசல் வரைக்கும் கேக்குது. வாசல்லயே ஒரு டிரம்மு தொறந்து கெடக்கு, அடியில அதே செவப்பு வண்டல், அவ ஊருத் தண்ணியே அப்பிடித்தான். என்னைப் பாத்ததும் அவளுக்குக் கோவம் வரும், நாலு கேள்வி கேப்பா, மூஞ்சியில லெட்டர விட்டெறிஞ்சிட்டு ஓடியாந்துரலாம்னு நெனச்சிருந்தேன். ‘வாங்க சித்தி’ன்னு கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தா. மொதக் கேள்வியே, ‘துணி வெள்ளையா வருதா சித்தி?’ன்னுதான் கேட்டா.

நான் டம்ளரக் கீழ வச்சேன். ‘ஏட்டி, அன்னைக்கு மதர் கேட்டப்ப நீ ஏன் வாயத் தொறக்கல?’ன்னேன்.

அதுக்கு அவ சொல்லுதா, ‘சோடாதான் காரணம்னு சொன்னா ஒங்களத்தான சித்தி அனுப்பியிருப்பாவ. எனக்கு அம்மை வீடாவது இருக்கு. ஒங்களுக்கு யாரு இருக்கா?’

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? லெட்டரக் குடுக்கல. காப்பியக் குடிச்சிட்டு, சும்மா பாக்க வந்தேன்னு சொல்லிட்டு, அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துட்டேன். மதர்ட்ட ‘வீடு பூட்டிக் கெடக்கு’ன்னேன்.

அப்பிடிப் பாக்காதியம்மா. அவ நல்லவதான். நல்லவளா இருக்கதுதான் எனக்குப் பயமே. அவ வந்துட்டா ஒருநா இல்லாட்டா ஒருநா மதர் அவகிட்ட, ‘ஒனக்குத்தான் தெரியுமே, ஞானப்பூட்ட நீ ஏன் சொல்லல?’ன்னு கேப்பாவளா மாட்டாவளா? அவ மதர்ட்ட சும்மா இருப்பா, ஆனா பொய் சொல்ல மாட்டா. சும்மா இருந்தாலே மதருக்குப் புரிஞ்சிரும், இந்தத் தடவ புரிஞ்சிரும். கண்ணு மங்குனா மாலையப் போட்டு அனுப்புவாவ. பொய் சொல்லி ஒரு பொண்ண வெளிய தள்ளுனவள எப்பிடி அனுப்புவாவ? எனக்கு அம்பத்தாறு வயசு. யாரு வீட்டு வாசல்ல போயி நிப்பேன்?

நேத்து மதர் சொல்லிட்டாவ. ‘நாளைக்கு ஒருதரம் போயிப் பாரு ஞானப்பூ. ஆள் இல்லன்னா திங்கக்கெழம அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுருதேன்.’ அப்பம் இன்னைக்கும் வீடு பூட்டிக் கெடந்தாச் சோலி முடிஞ்சுது. எனக்கு அதுதான் வசதி. பஸ் ஏறும்போது அந்த நெனப்புலதான் ஏறுனேன். ஒங்ககிட்ட மறைச்சு என்ன ஆவப்போவுது?

ஏதாவது சொல்லுங்க. ஏசவாவது செய்ங்க.

சரி, நானே சொல்லுதேன். அவ சொன்னா. நான் கேக்கல. போர் போட்ட மறுநாளே வந்து, சோடா போடாதியன்னு சொன்னா. இத இதுவரைக்கும் ஒரு சீவன்கிட்ட நான் சொன்னதில்ல. இன்னா, ஒங்ககிட்ட சொல்லிட்டேன். ஒண்ணும் இடி விழல. மதர்ட்ட சொன்னா விழும். விழத்தான் செய்யும்.

அது என்ன ஸ்டாப்பு? செவப்பா மண்ணு தெரியுது. அதுக்குள்ளயா? முக்கா மணி நேரம்னானே, பாவிப்பய. அவ அம்மைக்கு மாத்திர தீந்து மூணு வாரம் ஆவுது. அந்த இழுப்பு இன்னும் எங் காதுல கெடக்கு.

கையக் கொஞ்சம் குடுங்க, எந்திரிக்க முடியல. பயமாத்தான் இருக்கு, பயம் ஒண்ணும் போவல. பைய அப்பிடியே எங் கையில குடுங்க, லெட்டர் கசங்கிரப்படாது.

ஏ கண்டக்டரு, விசில் அடிச்சிராதய்யா! ஒரு ஆளு எறங்கணும்.